பழைய டபுள் பேஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது: இது எந்த ஊர் வேலை, எவ்வளவு கொடுக்கலாம்?

நான்காம்தந்தி (கேள்வி):

வணக்கம். பல ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரியதான டபுள் பேஸை வில் போட்டு வாசிக்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருக்கிறது. இப்போதுதான் அதற்கு வழி பிறந்திருக்கிறது. இசைக்குழுவில் வாசித்து ஓய்வு பெற்று, அண்மையில் காலமான ஒருவரின் டபுள் பேஸை அவர் குடும்பத்தார் விற்கிறார்கள். மகள்தான் காட்டினார். "பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேஸ், ஜெர்மனியில் கையால் செதுக்கியது என்று அப்பா சொல்வார்" என்றார். அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறார்.

நான் பார்த்தவை இவை. முதுகு தட்டையாக இருக்கிறது; கழுத்தை நெருங்கும் இடத்தில் உள்நோக்கி மடிந்து சரிகிறது. தோள்கள் சரிவானவை. முன்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாக எட்டிப் பார்த்தால் பழுப்பேறிய லேபிள் தெரிகிறது. மேல்பாதி கிழிந்துவிட்டது. கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தில் "மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா" என்று அச்சிட்டிருக்கிறது. கழுத்தின் உச்சியில் தந்தி தொடங்கும் கட்டையிலிருந்து, முன்பலகை மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை வரை தந்தி நீளம் 106 செ.மீ. முன்பலகையின் அடிப்பகுதியில் ஒரு விரிசல் இருக்கிறது, யாரோ ஒட்டியிருக்கிறார்கள். குதிரையில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரங்கள் உண்டு; அவற்றை அடிவரை இறக்கியிருக்கிறார்கள், அப்படியும் தந்திகள் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. விரல்பலகை கறுப்பு, ஆனால் கீழ் நிலைகளில் விரல் படும் இடங்களில் பழுப்பு நிறம் தெரிகிறது.

கேட்கிற விலை, செதுக்கிய முன்பலகையும் பிளைவுட் முதுகும் கொண்ட ஒரு நல்ல புதிய பேஸின் விலைக்குச் சமம். பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த காப்பீட்டு மதிப்பீடு ஒன்றும் காட்டினார்கள். அதில் இதைப்போல் இரண்டு மடங்கு எழுதியிருக்கிறது. இது என்ன பேஸ்? முழுவதும் மரப்பலகையா, பிளைவுட்டா? இந்த விலை தகுமா?

தனிவில்:

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 106 செ.மீ. என்றால் அது முக்கால் அளவுப் பேஸ். "முக்கால்" என்றதும் சிறுவர்களுக்கானது என்று எண்ணிவிட வேண்டாம். இசைக்குழுக்களில் வாசிக்கும் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இந்த அளவுதான். 104 முதல் 107 வரை உள்ள தந்தி நீளம் கைக்கு ஏற்றது, பிற்காலத்தில் விற்கவும் எளிது.

அடுத்த முறை போகும்போது அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் அரைச் சுரம் அரைச் சுரமாக, வில்லாலும் விரலாலும் வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எதிரே சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். வாசிப்பவர் காதில் விழுவது வேறு, எதிரே இருப்பவர் காதில் விழுவது வேறு. எங்காவது அதிர்வு, செத்த சுரம், உறுமல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுரம் உறுமுவது பெரிய குற்றமல்ல. நல்ல பேஸ்களிலும் அது உண்டு.

உள்ளே வரிசை எண் ஏதாவது இருக்கிறதா? சில அமெரிக்கப் பேஸ்களில் அதைக் கொண்டே ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்.

மரத்தூள்:

வரிசை எண் தேடிப் பயனில்லை, தனிவில். அது கே போன்ற பெரிய தொழிற்சாலைகளின் வழக்கம். சிகாகோவின் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் இறுதிவரை பேஸ்கள் செய்தது. எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கும் பட்டியல்கள் அவற்றுக்கு இருக்கின்றன. அவை பிளைவுட் பேஸ்கள். அப்படியிருந்தும் இன்றுவரை நல்ல விலைக்குப் போகின்றன. பிளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் இங்கே பேசுவது வேறு மண்ணில் பிறந்த பேஸ்.

நான் தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறவன். படம் பார்க்காமல், நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன்.

செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918 அக்டோபரில் உருவாகி 1992 முடிவில் இல்லாமல் போனது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. லேபிளைப் பிறகு ஒட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். பழைய வாத்தியத்தை இன்னும் பழையதாகக் காட்டத்தான் பொய் லேபிள் ஒட்டுவார்கள். புதியதாகக் காட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பது, ஏற்றுமதிக்காகச் செய்த பேஸ் என்பதைக் காட்டுகிறது. இறக்குமதிப் பொருள்களில் அவை எந்த நாட்டில் செய்தவை என்பதை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இலேயே சட்டம் போட்டுவிட்டது.

அதற்காக "ஜெர்மன்" என்று அந்தப் பெரியவர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் ஷோன்பாக் என்ற ஊர், இன்றைய பெயர் லூபி, எல்லைக்கு அப்பாலிருக்கும் ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஹெனோடு சேர்ந்து ஒரே தொழில் வட்டாரமாக இருந்தது. ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் முன்பலகை, மூன்றாவது இடத்தில் கோத்து ஒட்டி வார்னிஷ் பூசுவார்கள். ஷோன்பாக்கின் கைவினைஞர்கள் ஜெர்மன் பேசியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் பவேரியாவின் புபென்ராய்ட்டில் குடியேறி அங்கே தொழிலைத் தொடர்ந்தார்கள். எல்லையின் எந்தப் பக்கம் செய்தது என்பதை வார்னிஷைப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது அடித்துப் பேசினால் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

உண்மையில் உங்கள் பணம் போகப்போவது ஊருக்கோ ஆண்டுக்கோ அல்ல. தனிக் கலைஞர் ஒருவர் பெயர் போட்டுச் செய்து, அதற்கு நம்பகமான சான்றிதழும் இருந்தால் பெயருக்கு விலை உண்டு. பட்டறைப் பேஸுக்கு விலையைத் தீர்மானிப்பவை மூன்று: மரம், உடல்நிலை, குரல். 1925இல் செய்ததா 1955இல் செய்ததா என்பதால் விலை பெரிதாக ஏறி இறங்காது. கழுத்து அசைகிறதா இல்லையா என்பதால் ஏறி இறங்கும்.

எனவே மறுபடி போய்ப் பாருங்கள். ஒரு டார்ச், தொலைபேசிக் கேமரா, ஒரு துண்டு மெல்லிய காகிதம், எஃகு அளவுகோல் போதும்.

முதலில் எஃப் துளை. அதன் இரு முனைகளிலும் வட்டமான கண் இருக்கிறதல்லவா, அந்த வட்டத்தின் விளிம்பில் பலகையின் குறுக்குவெட்டு தெரியும். முகத்தில் ஓடும் ஸ்ப்ரூஸ் (முன்பலகை மரம்) ரேகைகள் அங்கே நிறுத்தாமல் பலகையின் முழுத் தடிமனிலும் கீழே இறங்கி, செங்குத்துக் கோடுகளாக நின்றால் அது ஒரே பலகை. முகத்துக்கு இணையாக இரண்டு மூன்று படலங்கள் படுத்திருந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்புப் பூசி மறைத்திருந்தால், உள்பக்கம் கேமராவை நீட்டிப் படம் எடுங்கள்.

முதுகுக்கு வேறு வழி. முதுகுக்குப் பயன்படும் மேப்பிள் மரத்தில் குறுக்கே அலையலையாகப் பளபளக்கும் கோடுகள் இருக்கும். வெளியே ஓரிடத்தில் அதை அடையாளம் வைத்துக்கொண்டு, உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். ஒரே பலகையானால் அந்த அலை உள்ளேயும் வரும். உள்ளே கோடே இல்லாத வெறும் மரம் தெரிந்தால் வெளியே இருப்பது மெல்லிய மேல்தோல்தான்.

முதுகு தட்டை என்பதால் உள்ளே குறுக்காகச் சட்டங்கள் இருக்கும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தட்டை முதுகின் எல்லா நோய்களும் இங்கேதான் தொடங்குகின்றன. முதுகுப் பலகையின் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. காற்று உலர்ந்தால் பலகை அகலவாக்கில் சுருங்கும், ஈரமானால் விரியும். குறுக்குச் சட்டத்தின் ரேகையோ அந்த அகலவாக்கிலேயே ஓடுகிறது, நீளவாக்கில் மரம் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். பலகை சுருங்க நினைக்கும், சட்டம் விடாது. ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறி நடந்து, ஒன்று சட்டம் பலகையை விட்டுப் பிரியும், அல்லது பலகையில் விரிசல் விழும். சட்டம் பிரிந்திருந்தால் சில சுரங்களில் மட்டும் கரகரவென்று அதிரும். விரல் மூட்டால் முதுகின் ஓரம் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான ஒலி வந்துகொண்டிருக்கும். பிரிந்த இடம் வந்ததும் தளர்ந்த, இரண்டு பலகை மோதும் ஒலி கேட்கும். ஓரம் பிரிந்திருந்தால் பயப்பட வேண்டாம். விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் வச்சிரப் பசையால் ஒட்டியது, தேவைப்படும்போது பிரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒட்டுவார்கள். மறுபடி ஒட்டுவது எளிய வேலை.

விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சரியாகச் சொல்லுங்கள். தந்திகளைத் தாங்கும் வால்கம்பி வளைந்து திரும்பும் அடிக்கட்டையின் மூலையிலிருந்து நேராக மேலே ஏறினால் அது மிகச் சாதாரணம். குதிரையின் கால்களுக்கு அடியில் ஓடினால் நிலைமை வேறு. மெல்லிய தந்தியின் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் உள்ளே சவுண்ட் போஸ்ட், அதாவது முன்பலகைக்கும் முதுகுக்கும் இடையே நிற்கும் மரக்குச்சி, நிற்கிறது. கனத்த தந்தியின் பக்கத்துக் காலுக்கு அடியில் பேஸ் பார், அதாவது முன்பலகையின் உள்பக்கத்தில் நீளவாக்கில் இருக்கும் சட்டம், ஓடுகிறது. பேஸின் முழுப் பாரமும் இறங்கும் இடங்கள் இவை. இங்கே விரிசல் என்றால் முன்பலகையைக் கழற்றி உள்ளே ஒட்டுப்போட வேண்டிவரும், விலையில் பெரும்பகுதி அதற்கே போகும்.

கடைசியாகக் கழுத்து. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். சக்கரங்களை அடிவரை இறக்கியும் தந்தி உயரமாக நிற்கிறது என்றால் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம், அல்லது குதிரை சரியாக வெட்டப்படாதிருக்கலாம். முதலாவது பெரிய செலவு, இரண்டாவது சிறியது. விரல்பலகையின் முடிவில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். கழுத்தின் அடிக்கால் உடலோடு சேரும் கோட்டில் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். அந்தக் காலின் பின்புறத்தையும் உற்றுப் பாருங்கள்.

நான்காம்தந்தி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி ஐயா. நேற்று போய்வந்தேன். அந்த அம்மா பொறுமையாக டார்ச் பிடித்து உதவினார்.

எஃப் துளையின் கண்ணில் ரேகைகள் நீங்கள் சொன்னபடியே செங்குத்தாக நிற்கின்றன. முதுகில் ஓரிடத்தில் சிறிய முடிச்சு ஒன்று இருக்கிறது. உள்ளேயும் அதே இடத்தில் அதைப் பார்த்தேன். பேஸ் பார் தனியாகச் செய்து ஒட்டியது, ஒட்டிய கோடு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே உளித்தடங்கள் இல்லை, சீராகச் சீவியிருக்கிறார்கள்.

விரிசல் அடிக்கட்டையின் மூலையிலிருந்து ஒரு சாண் மேலே ஏறி நின்றுவிடுகிறது. உள்ளே வரிசையாகச் சிறு மரத்துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. முதுகைத் தட்டியபோது கீழ்ச் சட்டத்தின் ஒரு முனையில் மட்டும் ஒலி தளர்ந்தது.

ஆனால் கழுத்து: காகிதம் உள்ளே போகிறது. மெல்லிய தந்திக்கு அடியில் 11 மில்லிமீட்டர், கனத்த தந்திக்கு 15. அடிக்காலின் பின்புறத்தில், வார்னிஷ் நிறத்தோடு ஒட்டாத சிறிய வட்ட மரச்செருகல் ஒன்று இருக்கிறது. அது என்ன?

அழைத்துச் சென்ற நண்பர் உயரத்தைப் பொறுத்துக்கொண்டு வில் போட்டு வாசித்தார். கீழ்த் தந்தியில் அந்த அறையே நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேறு பேஸ் பார்க்க மனம் வரவில்லை, அதனால்தான் நிதானமாக யாராவது சொல்ல வேண்டும் என்று மறுபடி எழுதுகிறேன்.

மரத்தூள்:

நல்ல செய்திதான் அதிகம். முன்பலகை செதுக்கிய மரம், முதுகும் பிளைவுட் அல்ல, முழு மரப்பலகை. பேஸ் பாரைத் தனியே ஒட்டாமல் முன்பலகையிலேயே மிச்சம் விட்டுச் செதுக்குவது அந்த வட்டாரத்தின் அவசர வேலைகளில் உண்டு; உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. உள்ளே சீவிய விதம் நல்ல பட்டறையைச் சொல்கிறது. விரிசல் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது, ஒட்டியவர் வேலை தெரிந்தவர். சட்டத்தின் முனையை ஒட்டிவிடலாம்.

விரல்பலகையைப் பற்றி முன்பு சொல்ல விட்டுப்போனது: கருங்காலியிலும் பழுப்புக் கோடு வரும், ஆனால் அது பலகையின் நீளத்துக்கு ஓடும். விரல் படும் இடத்தில் மட்டும் பழுப்பு என்றால் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வாசிக்கத் தடையில்லை. ஒருநாள் மாற்ற வேண்டும்.

இப்போது அந்த வட்டச் செருகல். கழுத்து ஒருமுறை தளர்ந்திருக்கிறது. அதைச் சரியாகக் கழற்றி மறுபடி பொருத்தாமல், யாரோ பின்னாலிருந்து திருகாணி முடுக்கி, துளையை மரத்தால் அடைத்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான ஐயம். இது எனக்கு மனவருத்தம் தரும் வேலை. இரும்பு மரத்தோடு சேர்ந்து சுருங்காது, விரியாது. எஃகுத் தந்திகளின் இழுவையில் மூட்டு மறுபடி திறக்கும். திறந்திருப்பதைத்தான் உங்கள் காகிதம் காட்டிவிட்டது. எஃகுத் தந்தியில் அந்த உயரம் பொதுவாக மெல்லிய பக்கம் 5, 6 மில்லிமீட்டரும் கனத்த பக்கம் 8 முதல் 10 வரையும் இருக்கும். உங்களுடையது ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம் சாய்ந்த கழுத்து.

கழுத்தை எடுத்து, திருகாணியை நீக்கி, குழியைச் சீராக்கி, சரியான கோணத்தில் வச்சிரப் பசையால் மறுபடி பொருத்த வேண்டும். புதிய குதிரையும் வேண்டியிருக்கும். தேர்ந்த கை செய்தால் இந்தப் பேஸ் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒரே கவலை: உடலுக்குள் கழுத்தைத் தாங்கும் மேல்கட்டையைத் திருகாணி பிளந்திருக்கிறதா என்பது. எஃப் துளை வழியாக அவ்வளவு தூரம் கேமரா எட்டாது. பழுதுபார்ப்பவர் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்துச் சொல்வார்.

விலைக் கணக்கு இப்படி. இதே போன்ற செதுக்கிய, நல்ல நிலையில் உள்ள பட்டறைப் பேஸ்கள் எந்த விலைக்கு விற்றுப்போயின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்டிருந்த விலை கணக்கில் வராது, கைமாறிய விலைதான் வரும். அதிலிருந்து கழுத்து வேலை, குதிரை, சட்டம், புதிய தந்திகள் ஆகியவற்றின் செலவைக் கழியுங்கள். பேஸ் தந்திகள் மலிவல்ல, அதை மறந்துவிட வேண்டாம். மேலும் ஒரு தொகையைக் கழியுங்கள். கழுத்தைத் திறந்தபின் என்ன தெரியும் என்ற அபாயத்தை நீங்கள்தான் ஏற்கிறீர்கள். மீதி வருவதுதான் நீங்கள் கொடுக்கத்தக்க விலை.

காப்பீட்டு மதிப்பீட்டை ஒதுக்கிவையுங்கள். தொலைந்தால் கடையில் போய் உடனே இன்னொன்று வாங்க என்ன ஆகும் என்பதற்கான தொகை அது. ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்கும் விலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

நாதப்பெட்டி:

ஒரு சிறு குறிப்பு. வில்லும் சேர்த்துத் தருகிறார்களா? தந்தால் அதைத் தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற இசைக்குழுக் கலைஞர்களிடம் பெர்னாம்புகோ என்ற மரத்தில் செய்த நல்ல வில் இருப்பது வழக்கம். சில வேளைகளில் அதன் விலையே தனிக்கதை. அந்த மரம் 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நுனியில் தந்தம் இருந்தால் நாடு விட்டு நாடு கொண்டுபோவதில் கடுமையான சிக்கல் வரும். குடும்பத்தாருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுவதுதான் முறை.

நான்காம்தந்தி:

வில் உண்டு. அதைப் பற்றி அவரிடம் சொல்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. விலை பேசிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் காட்டலாமா, காட்டிவிட்டுப் பேசலாமா? தந்தையை இழந்த வீட்டில் குறைகளை அடுக்கிப் பேரம் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மரத்தூள்:

காட்டிவிட்டுப் பேசுங்கள். மதிப்பீட்டுக் கட்டணத்தை நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள். செலவு விவரத்தை எழுத்தில் வாங்கி, அதன் நகல் ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுங்கள். வாங்க உங்களுக்கு முதல் உரிமை தரும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது குறை சொல்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள், காகிதம் சொல்லும். நீங்கள் வாங்காமல் போனாலும், தன்னிடம் இருப்பது என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்து வருபவர் அவரை ஏமாற்ற முடியாது.

மேல்கட்டை பிளந்திருந்தாலும் உடனே கைவிட்டுவிட வேண்டாம். அதையும் மாற்றலாம். அப்படியானால் முன்பலகையைத் திறக்க வேண்டிவரும், கழிக்க வேண்டிய தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கொள்ளுங்கள். அந்த விலைக்கு அவர்கள் உடன்பட்டால் வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கொண்டுபோகும்போது தந்திகளை அரை சுரம், ஒரு சுரம் மட்டும் தளர்த்துங்கள். முழுதும் தளர்த்தினால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடக்கூடும். வண்டியில் கழுத்தின் மேல் பாரம் விழாதபடி உடலைத் தாங்கிப் படுக்கவையுங்கள், குதிரை மேலே பார்த்திருக்கட்டும்.